எந்தச் சந்தோசத்துக்கு எந்த ஆங்கிலச் சொல்?

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து 27 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அரசசார்பற்ற நிறுவனம் ஒன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்கிறார். பகலில் பெண்கள் குழுக்களிடம் தமிழில் கேட்பதை இரவில் ஆங்கில அறிக்கையாக்கிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து அது வெளிநாட்டு நிதி வழங்குநர்களுக்குப் போகிறது. உயர்தரத்தில் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு பெற்றவர், ஆங்கிலத்தைத் தன் முயற்சியால் கற்றவர்.

நான்கு சம்பவங்களை எழுதியிருக்கிறார். சிறுவர்களுக்கு நடத்திய மாலை நிகழ்ச்சியை அறிக்கையில் ‘வெரி ஃபன்னி’ என்று குறிப்பிட்டாராம். இணையவழிக் கூட்டத்தில் ஒருவர் அந்த வரியை உரக்க வாசிக்க, மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். இன்னொரு நாள் மேலாளர், புகைப்படங்களைப் பற்றி ‘ஐ ஆம் நாட் என்டயர்லி ஹாப்பி’ என்று எழுத, இவர் ‘தயவுசெய்து கவலைப்பட வேண்டாம் சேர்’ என்று பதில் அனுப்பினார். மேலாளர் திருப்பி அனுப்பியது ஒரு சிரித்த முகம் மட்டும். ஊரைப் பார்க்க வந்துபோன வெளிநாட்டுப் பெண் அதிகாரி ஒருவர் சால்வை ஒன்றைப் பரிசாக அனுப்பியபோது ‘வெரி அமியூஸ்ட்’ என்று நன்றி எழுதினார். பதிலே வரவில்லை.

நான்காவதுதான் அவரை எழுத வைத்திருக்கிறது. 2009இல் கணவர் காணாமற்போன பெண் ஒருவருக்குக் கிணறு திருத்தித் தோட்டம் செய்ய உதவி கிடைத்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு அவர் ‘இப்போது கொஞ்சம் நிம்மதி’ என்றார். ‘இன்னும் உறுதியாக எழுதுங்கள்’ என்று கொழும்பிலிருந்து குறிப்பு வர, நம் வாசகி ‘ஓவர்ஜாய்ட்’, அதாவது ஆனந்தக் களிப்பு, என்று மாற்றிவிட்டார். அது புகைப்படத்தோடு செய்திமடலில் வந்தது. அந்தப் பெண்ணின், சாதாரண தரம் படிக்கும் மகள் அதை வாசித்துவிட்டு, ‘அம்மா எப்போது அக்கா இப்படிச் சொன்னவர்?’ என்று கேட்டிருக்கிறாள்.

‘ஹாப்பி’ என்பதற்கான நூறு சொற்களை இணையத்தில் எடுத்து மனப்பாடம் செய்யவா, வவுனியாவில் ஆறு மாத வகுப்புக்குப் போகவா, தமிழில்தான் எழுதுவேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா, அல்லது வேலையை விட்டுவிடவா என்று கேட்கிறார்.

பிள்ளை, வேலையை விட வேண்டாம். அந்தக் கேள்வியை முதலில் அப்புறப்படுத்திவிடுவோம்.

‘எனக்கு ஆங்கிலம் வராது’ என்று சொல்லி நான்கு சம்பவங்களையும் ஒரே கட்டாகக் கட்டியிருக்கிறீர்கள். ஆங்கில ஆசிரிய ஆலோசகராக வன்னிப் பாடசாலைகளில் வேலை செய்த எனக்கு அவை நான்கு வேறு சங்கதிகளாகத் தெரிகின்றன. முதலாவதில் சொல்லின் பொருளைத் தவறாகப் பிடித்தீர்கள். இரண்டாவதில் ஆங்கிலேயர் அந்தச் சொல்லைக் கையாளும் விதம் தெரியவில்லை. மூன்றாவதில் உங்கள் கை பக்கத்துச் சொல்லில் பட்டுவிட்டது. நான்காவது ஆங்கிலப் பிழையே அல்ல. எழுத்துக்கூட்டலும் இலக்கணமும் அங்கே சுத்தம். அந்த அம்மா அப்படிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். முதல் மூன்றையும் இந்தப் பக்கத்திலேயே பெருமளவு சரிசெய்துவிடலாம். நான்காவதுக்கு நீங்கள் அலுவலகத்தோடு பேச வேண்டியிருக்கும்.

நகை வேறு, உவகை வேறு

சிரிப்பும் சந்தோசமும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிடுகிறோம். உயர்தரத் தமிழில், உணர்வுகளின் வெளிப்பாட்டைச் சொல்லும் மெய்ப்பாட்டியலைத் தொட்டிருப்பீர்கள். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து உவகையைக் கடைசியில் வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றில் நகை பிறக்கிறது. செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகியவற்றில் உவகை பிறக்கிறது. ஆங்கிலச் சொற்களையும் ஏறக்குறைய இந்தக் கோட்டில் பிரித்துவிடலாம். ‘ஃபன்னி’, ‘அமியூஸிங்’, ‘ஹிலாரியஸ்’ எல்லாம் நகையின் பக்கம். ‘ஹாப்பி’, ‘கிளாட்’, ‘ப்ளீஸ்ட்’, ‘டிலைட்டட்’ உவகையின் பக்கம். ‘ஃபன்’ விளையாட்டில் பிறப்பது, ஆகவே உவகை. ஆனால் அதன் வாலில் ஓர் ஒலி சேர்ந்து ‘ஃபன்னி’ ஆனவுடன் எள்ளல் பக்கம் போய்விடுகிறது.

நம் ஊர்ப் பேச்சில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவு. அன்று மாலை நல்ல முசுப்பாத்தி என்றால் ‘இட் வாஸ் ஃபன்’. மேடையில் ஏறிய பொடியன் நல்ல பகிடி விட்டான் என்றால் ‘ஃபன்னி’. நீங்கள் எழுத நினைத்தது முசுப்பாத்தி, எழுதிவிட்டது பகிடி. நிகழ்ச்சி முழுவதுமே பகிடி என்று வாசித்ததால்தான் அவர்கள் சிரித்தார்கள். அப்படி உரக்க வாசித்தது நல்ல பழக்கமல்ல, அதை நான் நியாயப்படுத்தவில்லை.

‘ஃபன்னி’க்கு இன்னொரு முகமும் உண்டு. ‘ஃபன்னி ஸ்மெல்’ என்றால் சிரிப்பு மூட்டும் வாசனையல்ல, ஏதோ சரியில்லாத வாடை. கணக்கு அறிக்கையில் ஒரு தொகைக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை எழுதிவிட்டால் கணக்காய்வாளர் வாசலில் நிற்பார்.

‘அமியூஸ்ட்’ என்பது உதட்டோரம் வரும் சின்னச் சிரிப்பு. கொஞ்சம் தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பவரின் சிரிப்பு. பரிசு என்னை ‘அமியூஸ்’ செய்தது என்றால், பரிசைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது என்றாகும். அந்த அம்மையார் கோபித்துத்தான் எழுதாமல் விட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். அவர் விடுமுறையில் இருக்கலாம், அடுத்த நாட்டில் இருக்கலாம். இரண்டு வரி எழுதிப்போடுங்கள்: சால்வை கிடைத்ததில் ‘டிலைட்டட்’ என்று சொல்ல வந்தேன், தவறான சொல் விழுந்துவிட்டது, இப்போது அதைத்தான் போர்த்தியிருக்கிறேன் என்று. நீண்ட மன்னிப்பு வேண்டாம். இன்னொன்று: இணையப் பட்டியல்களில் ‘அமியூஸ்ட்’ பக்கத்தில் ‘பிமியூஸ்ட்’ என்று ஒன்றும் கண்ணில் படும். ஓசையை நம்பி எடுத்துவிட வேண்டாம். அது குழம்பி விழிக்கும் நிலை.

‘ஹாப்பி’ பார்க்கும் வேறு வேலைகள்

அலுவலக ஆங்கிலத்தில் ‘ஹாப்பி’ பல நேரங்களில் மனநிலையைப் பற்றிப் பேசுவதே இல்லை. ‘நாட் ஹாப்பி வித்’ என்று வந்தால் எழுதியவர் கவலையில் இல்லை, திருப்தியில்லை. பண்பான மொழியில் வந்த முறைப்பாடு அது. ‘என்டயர்லி’ என்ற சொல்லைக் கண்டு பாதி திருப்தி என்று ஆறுதலடையவும் வேண்டாம், அது அடியை மெதுவாக வைப்பதற்கான சொல். மேலாளருக்கு நீங்கள் எழுதியிருக்க வேண்டியது, எந்தப் படங்களை மாற்ற வேண்டும் என்ற கேள்வி மட்டுமே. அவர் அனுப்பிய சிரித்த முகத்தை நீங்கள் நக்கல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தன் படப் பிரச்சினைக்கு யாரோ ஆறுதல் சொன்னதைப் பார்த்து மனம் இளகியும் சிரித்திருக்கலாம் அல்லவா?

அதேபோல ‘ஹாப்பி டு’ என்றால் செய்யத் தயார், தடையில்லை என்று பொருள். ‘ஐ ஆம் ஹாப்பி டு கம் ஆன் சண்டே’ என்று நீங்கள் எழுதினால் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வர ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், கவனம். ‘ஹாப்பி ஃபோர் யூ’ என்பது அடுத்தவருக்குக் கிடைத்ததைப் பார்த்து நமக்கு வரும் சந்தோசம். சக ஊழியருக்குப் பதவி உயர்வு என்றால் அதுதான் பொருத்தம்.

உணர்பவரா, உணர வைப்பதா?

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விதி எளிது. ‘எட்’ என்று முடிவது உணர்பவருக்கு, ‘இங்’ என்று முடிவது உணர வைப்பதற்கு. உங்கள் கடிதத்திலேயே ‘ஐ ஆம் வெரி எக்சைட்டிங்’ என்று ஒரு வரி இருக்கிறது. என்னைக் கண்டால் எல்லோருக்கும் பரபரப்பு என்று நீங்களே சொல்லிக்கொண்டது போலாகிவிட்டது. நீங்கள் ‘எக்சைட்டட்’, பயணம் ‘எக்சைட்டிங்’. ‘என்ஜாய்’ தனியாக நிற்காது, அதற்குச் செயப்படுபொருள் வேண்டும். பிள்ளைகள் நிகழ்ச்சியை ‘என்ஜாய்’ செய்தார்கள், அல்லது ‘என்ஜாய்ட் தெம்செல்வ்ஸ்’. நம் பக்கத்து அறிக்கைகளில் நான் அதிகம் சிவப்பு மையால் வட்டமிட்டது இந்தச் சொல்லைத்தான்.

சத்தம் கூடினால் ஆங்கிலம் நல்லதாகிவிடுமா?

கடிதம் முழுவதும் ஓடும் தவறான நம்பிக்கை இது. ‘ஹாப்பி’ குழந்தைச் சொல், ‘எக்ஸ்டாடிக்’ பட்டதாரிச் சொல் என்று நினைக்கிறீர்கள். நன்றாக எழுதத் தெரிந்த ஆங்கிலேயர் பெரும்பாலும் எதிர்ப்பக்கமாக நடப்பார்கள். பெரிய வெற்றியைக்கூட ‘குவைட் ப்ளீஸ்ட்’ என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்கள் அவர்கள். ‘டிலைட்டட்’, ‘ஓவர்ஜாய்ட்’ போன்றவற்றுக்குள் மிகுதி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. ஆகவே முன்னால் ‘வெரி’ போட்டால் காதுக்கு இடறும். அவசியமென்றால் ‘அப்சல்யூட்லி’ போடலாம். ‘கிளாட்’ என்பதைப் பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைப்பதில்லை. அவர் ‘கிளாட்’ ஆக இருக்கலாம், ஆனால் ‘அ கிளாட் மேன்’ என்று யாரும் எழுதுவதில்லை.

எந்தச் சொல் என்று முடிவெடுக்க, உணர்வு எவ்வளவு பெரியது என்று அளப்பதற்கு முன் அது எதனால் வந்தது, எப்போது வந்தது என்று கேளுங்கள். மாரி மழையில் முத்தையன்கட்டுக் குளம் நிரம்பி வான் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்கக் கிளம்பும் பிள்ளைகள் வழியெல்லாம் ‘எக்சைட்டட்’, இனி வரப்போவதை நினைத்த துள்ளல் அது. தண்ணீர் பாய்வதைக் கண்டதும் ‘த்ரில்ட்’. நாம் புளுகம் என்று சொல்வதும் அதைத்தான். சிறுபோகத்துக்கும் தண்ணீர் இருக்கும் என்று கணக்குப் போடும் கமக்காரர் ‘ப்ளீஸ்ட்’. கட்டுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று விழித்திருந்த நீர்ப்பாசன உத்தியோகத்தர் மழை விட்டதும் ‘ரிலீவ்ட்’. வீட்டுத் திண்ணையிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டு, கையில் இருப்பது போதும் என்று வெற்றிலை போடும் பெரியவர் ‘கன்டென்ட்’. இவர்கள் எல்லோரையும் ‘தி பீப்பிள் வேர் வெரி ஹாப்பி’ என்று ஒரே வரியில் முடித்தால் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் வாசிப்பவருக்கு ஒரு முகமும் தெரியாது. பள்ளத்து வயல் தண்ணீரில் மூழ்கிய கமக்காரர் இந்தப் பட்டியலுக்குள் வரவேயில்லை என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டிய செய்திதான்.

சொற்களின் வயதைத் தெரிந்துகொள்வதிலும் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. ‘ஹாப்பி’ பிறந்தது தற்செயலையும் அதிர்ஷ்டத்தையும் குறித்த ‘ஹாப்’ என்ற பழஞ்சொல்லிலிருந்து. இன்று முட்டாள்தனத்தைக் குறிக்கும் ‘சில்லி’ ஒரு காலத்தில் பாக்கியசாலியைக் குறித்தது. பரீட்சைக்கு உதவாது, இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை.

அந்த அம்மாவின் நிம்மதி

இனி நான்காவது. ‘இப்போது கொஞ்சம் நிம்மதி’ என்ற வாக்கியத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ‘கொஞ்சம்’. நீங்கள் அதை வெட்டிவிட்டு, மிச்சத்தை ஊதிப் பெருக்கிவிட்டீர்கள். ‘ஐ ஃபீல் சம் ரிலீஃப் நௌ’ என்று எழுதியிருந்தால் அது அவருடைய வாக்கியம். ‘ரிலீஃப்’ என்றால் ஏதோ ஒரு சுமை இறங்கியது என்று பொருள். ‘சம்’ என்றால் எல்லாம் இறங்கவில்லை என்று பொருள். இவ்வளவையும் ஐந்தே சொற்களில் சொல்ல ஆங்கிலத்தால் முடிகிறபோது அதற்கு மேல் உறுதி எதற்கு?

நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடைய போராட்டத்தில் அவரும் கணவரின் படத்தோடு போய் இருப்பவர் என்று. அப்படிப்பட்டவர் செய்திமடலில் ஆனந்தக் களிப்பில் மிதந்தால் அதைப் பார்க்கிற உறவுகள் என்ன நினைப்பார்கள்? அடுத்த உதவிப் பட்டியலைத் தயாரிப்பவர், இந்த வீட்டுக்கு இனி ஒன்றும் தேவையில்லை என்று நினைக்கமாட்டாரா? மகள் கேட்ட கேள்வியை ஆங்கிலத் திருத்தமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தன் தாயின் வாயில் யார் சொல் வைத்தது என்று அவள் கேட்டிருக்கிறாள்.

வன்னிச் சனங்களுக்கு இது புதிதல்ல என்பதால்தான் நான் இதில் கடுமையாக இருக்கிறேன். போரில் இடம்பெயர்ந்த வன்னி மக்கள் வைக்கப்பட்டிருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறிய கேப்பாபுலவு மக்களின் காணிகளில் இராணுவம் இருந்தபடியால் அவர்கள் சீனியாமோட்டையில் விடப்பட்டார்கள். முகாமை விட்டு வந்ததில் ‘ரிலீவ்ட்’, வீடு போய்ச் சேராததில் ஏக்கம். அன்றைக்கு இரண்டையும் ஒரே வாக்கியத்தில் ‘பட்’ போட்டு எழுத வேண்டும். ஒரு பாதியை மட்டும் எழுதினால், அது ‘ஹாப்பி’யாக இருந்தாலும் ‘ஸாட்’ ஆக இருந்தாலும், பாதிப் பொய்.

உதவி பெற்றவர்களைப் பற்றி எழுதும்போது இன்னும் இரண்டு சொற்களில் நிதானம் வேண்டும். ‘கிரேட்ஃபுல்’ என்றால் யாருக்கோ நன்றி. அவர் நன்றி சொல்லியிருந்தால் மட்டும் எழுதுங்கள். ‘நல்ல சந்தோசம், போய்வாருங்கள்’ என்று வாசலில் சொல்வது நம் பக்கத்து மரியாதை, அதை வைத்துப் பத்தி எழுதிவிடக் கூடாது. மாறாக, ‘ப்ரௌட்’ என்ற சொல் அறிக்கைகளில் போதிய அளவு வருவதில்லை. கிணற்றடியில் நின்று ‘இந்தக் கத்தரி முழுக்க நானே நட்டது’ என்று ஒரு பெண் சொன்னால் அவர் உங்கள் நிதி வழங்குநரைப் பற்றிப் பேசவில்லை, தன்னைப் பற்றிப் பேசுகிறார்.

என்ன செய்யலாம்? முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள். என்ன எழுதப்பட்டது என்பதைத் தமிழில் வாசித்துக் காட்டி, எப்படி மாற்றலாம் என்று தாயிடமும் மகளிடமும் கேளுங்கள். தன் படமும் பெயரும் வேண்டாம் என்று அவர் சொன்னால் அதற்கு அவருக்கு முழு உரிமை இருக்கிறது. அலுவலகத்தில் ஒப்புதல் படிவம் இருந்தால் எடுத்து வாசியுங்கள், பெரும்பாலும் அதை அந்த அம்மாவுக்கு யாரும் வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். பிறகு மேலாளருக்கு எழுதுங்கள். ‘என் ஆங்கிலம் சரியில்லை’ என்று தொடங்க வேண்டாம், அப்படித் தொடங்கினால் அவர் வாக்கியத்தை மட்டும் திருத்திவிட்டுப் போய்விடுவார். ‘அவர் சொன்னது இது, அச்சில் வந்தது இது, இணையப் பதிப்பில் திருத்த வேண்டும்’ என்று எழுதுங்கள்.

இதில் ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. அந்தக் குறிப்பை அனுப்பியவர் சங்கடப்படலாம், உங்கள் மீது எரிச்சல் வரலாம். ஆனால் பயனாளி மறுக்கக்கூடிய ஒரு மேற்கோள் வெளியே இருப்பது நிறுவனத்துக்குப் பெரிய ஆபத்து. அதை அப்படியே சொல்லுங்கள், கேட்பார்கள். உறுதியான அறிக்கை வேண்டுமென்றால் கிணற்றில் இப்போது எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எத்தனை கன்று நட்டார், சந்தைக்கு என்ன போனது என்று கேட்டு எழுதித் தருவதாகச் சொல்லுங்கள். ‘ஓவர்ஜாய்ட்’ எத்தனை வந்தாலும் ஒரு மூட்டைக் கத்தரிக்காய்க்கு ஈடாகாது.

தமிழில் எழுதும் உரிமை பற்றிக் கேட்டீர்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு அரசியலமைப்பின் 18ஆவது உறுப்புரைப்படி தமிழும் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆனால் அது அரசின் கருமங்களுக்கு. உங்கள் அறிக்கை எந்த மொழியில் என்பதை நீங்கள் ஒப்பமிட்ட வேலை ஒப்பந்தமே தீர்மானிக்கும், ஆகவே சட்டத்தைக் காட்டி மறுக்க முடியாது. வேறொன்றை நியாயமாகக் கேட்கலாம்: ஒவ்வொரு மேற்கோளுக்கும் கீழே அவர் சொன்ன தமிழ் வாக்கியத்தை அப்படியே வைக்க அனுமதி. கொழும்பில் தமிழ் தெரிந்த ஒருவராவது இருப்பார். சொல் பெருத்துவிட்டால் அவர் கண்ணில் படும்.

நூறு சொல் பட்டியல் வேண்டாம். அது உங்கள் மேசையில் நூறு ‘அமியூஸ்ட்’களை இறக்கிவிடும். கற்போருக்கான ஆங்கில அகராதிகள், ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுமே, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சொல்லுக்கு நேர் தமிழைத் தேடுவதை விட்டுவிட்டு அங்குள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களை வாசியுங்கள். உங்களுக்கு வரும் மின்னஞ்சல்களில் ‘ஹாப்பி’, ‘ப்ளீஸ்ட்’, ‘கிளாட்’ வரும் வாக்கியங்களை முழுதாகக் கொப்பியில் எழுதி, யார் யாருக்கு எந்தச் சந்தர்ப்பத்தில் எழுதியது என்று பக்கத்தில் குறியுங்கள். வவுனியா வகுப்பு பேச்சுக்கு நல்லது. கூட்டங்களில் வாய் திறக்கப் பயம் என்றால் போங்கள். இந்தச் சிக்கலுக்காக மட்டும் என்றால் வார இறுதிகளையும் பஸ் காசையும் மிச்சம் பிடியுங்கள்.

காலாண்டு அறிக்கை இந்த மாத முடிவில் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் வரும் மேற்கோள்களை மட்டும் தமிழோடு சேர்த்து, பெயர்களையும் ஊர்களையும் நீக்கி அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.